துணி அள்ளியது போதும், ஆற்றில் விழாமல் தடுங்கள்: தாமிரபரணியின் தலைப்பகுதிக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

காட்டைப் பார்க்கும் துறை, கோயிலைப் பார்க்கும் துறை, ஆற்றுநீரைப் பங்கிடும் துறை, மாசைக் கண்காணிக்கும் வாரியம், கரையோர நகராட்சிகள், எல்லாவற்றுக்கும் மேலே மாவட்ட நிர்வாகம் என்று உங்களில் பல பேருடைய பொறுப்பில் இருக்கும் ஓர் ஆற்றைப் பற்றி எழுதுகிறேன். தனித்தனியாக மனு கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. ஓர் அலுவலகத்தில் "படித்துறை எங்களுடையது, தண்ணீர் எங்களுடையது இல்லை" என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில் "தண்ணீர் எங்களுடையது, அதில் யார் என்ன போடுகிறார்கள் என்று பார்ப்பது எங்கள் வேலை இல்லை" என்றார்கள். மூன்றாவது இடத்தில் மனுவை வாங்கி முத்திரை குத்தி ரசீது கொடுத்தார்கள், அவ்வளவுதான். அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலாக, ஊரே படிக்கும்படி எழுதுகிறேன்.

ஆடி அமாவாசை முடிந்துவிட்டது. மலையடிவாரத்துப் பாபநாசத்தில் குளிக்க வருகிறவர்கள், தோஷம் போகும் என்று உடுத்திய துணியைத் தாமிரபரணியில் விட்டுப் போகிறார்கள். அந்தத் துணியை ஆற்றிலிருந்து வாரி எடுத்துக் குவித்த படங்களும் வழக்கம்போல வந்துவிட்டன. டன் கணக்கில் அள்ளினோம் என்பதை ஒரு சாதனை போலச் சொல்கிறார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று அள்ளியவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், அவர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் கேள்வி உங்களிடம்தான். ஒவ்வோர் ஆண்டும் டன் கணக்கில் அள்ள வேண்டியிருக்கிறது என்றால், டன் கணக்கில் போட விட்டுக்கொண்டே இருக்கிறீர்கள் என்றுதானே பொருள்? அள்ளுவதற்கு ஆள் வைக்க முடிகிறது, வண்டி வைக்க முடிகிறது. போடாமல் தடுக்கப் படித்துறையில் நாலு பேரை நிறுத்த ஏன் முடியவில்லை?

நான் அம்பை வட்டாரத்தில் நதியுண்ணிக் கால்வாய்ப் பாசனத்தில் பயிர் வைப்பவன். இந்தப் பக்கத்துக் கணக்கு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்குக் கார், பிசானம் என்று இரண்டு போகம். ஆனியில் அணை திறந்தால் கார். ஐப்பசிக்கு மேல் பிசானம். ஆடி அமாவாசை வருவது கார் சாகுபடி நடக்கிற நேரத்தில், அம்பை 16 ரக நெல் நட்டுக் களை எடுத்து உரம் வைத்துத் தண்ணீர் கட்டுகிற நேரத்தில். அந்த வாரம் மடையில் தண்ணீர் குறைந்தால் முதலில் போய்க் கையை விட்டுப் பார்ப்பது துணிக்குத்தான். மடைப் பலகையின் அடியில் சேலை சுருட்டிக்கொண்டு கிடக்கும். சாதாரணமாக இழுத்தால் வராது. ஒரு நைலக்ஸ் சேலை ஆற்றுமணலை மடிப்பு மடிப்பாக வாங்கிக்கொண்டு கிடந்தால் இரண்டு ஆள் சேர்ந்துதான் தூக்க வேண்டும். அதன் உள்மடிப்பில் கறுப்புச் சேறு, செத்த குஞ்சு மீன், உடைந்த வளையல், சில நேரம் ஷாம்பு பாக்கெட். சேலையின் நிறம் மட்டும் அப்படியே இருக்கும். போன வருடத்துச் சேலை, முந்தின வருடத்துச் சட்டை எல்லாம் பொத்தான்கூட மங்காமல் வருகிறது. முன்பு பருத்தி வேட்டி விழுந்தது, கொஞ்ச நாளில் மக்கிப் போனது. இப்போது விழுவதில் பெரும்பாலானவை பாலியஸ்டர். அது மக்காது. ஆற்றோடு போகும், கல்லில் மாட்டும், மணலில் புதையும், அடுத்த வெள்ளத்தில் மறுபடி எழும்பி வேறோர் இடத்தில் மாட்டும்.

மடையில் சிக்குவது நான் பார்ப்பது. என் கண்ணில் படாததுதான் பெரிது. 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு கரையோரத்து நீர்மருத மரங்களைப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வேரிலிருந்து ஆள் உயரத்துக்கு மேலே கிளை வரைக்கும் துணியும் பாலித்தீனும் சுற்றிக்கொண்டு தொங்கின. ஆற்றின் அடியில் எவ்வளவு கிடந்திருந்தால் அவ்வளவு மேலே வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நீர்மருது வெள்ளத்தில் கரையைப் பிடித்து நிறுத்துகிற மரம். வேர்களுக்கு இடையிலுள்ள பொந்துகளில்தான் மீன் ஒதுங்கும், நீர்நாய் படுக்கும். அந்தப் பொந்துகளையெல்லாம் துணி அடைத்துக்கொண்டு கிடக்கிறது.

இது எந்த இடத்தில் நடக்கிறது என்பதை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருப்பதே வருத்தமாக இருக்கிறது. பாபநாசத்துக்கு மேலே இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1962-லேயே முண்டந்துறை சரணாலயம், 1988-இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். இந்தக் காட்டில் 14 ஆறுகளும் ஓடைகளும் பிறக்கின்றன, நதிகளின் சரணாலயம் என்றே இதற்குப் பெயர் உண்டு. இதை உள்ளடக்கிய அகத்தியமலை 2001-இல் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது, 2016-இல் யுனெஸ்கோவின் பட்டியலிலும் சேர்ந்தது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் தாமிரபரணி ஏறக்குறைய 128 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. பிறப்பதும் தமிழ்நாட்டில், கடலில் கலப்பதும் தமிழ்நாட்டில். அண்டை மாநிலத்தைக் கைகாட்ட இங்கே வழியே இல்லை. இதைக் கெடுத்தால் கெடுத்தது நாம், காப்பாற்றினால் காப்பாற்றியதும் நாம்.

இந்த 128 கிலோமீட்டரில் சுத்தமாக இருக்க எல்லா வாய்ப்பும் உள்ள பகுதி மேலே இருக்கும் காட்டுப்பகுதிதான். ஆலை கிடையாது, நகரம் கிடையாது, சாயப்பட்டறை கிடையாது. கீழே எட்டு அணைக்கட்டுகள் வழியாக ஏறத்தாழ 86,000 ஏக்கர் பாய்வதும், ஆற்றுக்குள்ளே உறைகிணறு இறக்கி நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் இன்னும் பக்கத்து மாவட்டங்களுக்கும் குடிநீர் போவதும் இந்தத் தலைப்பகுதியை நம்பித்தான். தலையில் கெட்டுவிட்டால் கீழே எத்தனை சுத்திகரிப்பு நிலையம் கட்டி என்ன ஆகப்போகிறது?

கீழே உள்ள நிலைமை எல்லோருக்கும் தெரியும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் வெளியிட்ட மாசடைந்த ஆற்றுப்பகுதிகளின் பட்டியலில் தாமிரபரணியும் இருந்தது. மாநகரச் சாக்கடை ஆற்றில் கலப்பது பற்றிய வழக்கில் 2024-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து கரையோரம் நடந்து பார்த்தார்கள். அது தனிக் கதை, அதற்கு வழக்கு இருக்கிறது, அதைப் பேச ஆட்கள் இருக்கிறார்கள். நான் மேல்பகுதியைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் அதைப் பற்றிப் பேச ஆள் குறைவு. அமாவாசைக்கு அமாவாசை மட்டும் நினைவுக்கு வருகிற விஷயமாக அது ஆகிவிட்டது.

சரி, காட்டுக்குள்ளே வருகிறேன். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில் தென்மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்களுக்குக் குலதெய்வம், எங்கள் வீட்டுக்கும்தான். என் பிள்ளைகளுக்கு முடி இறக்கியது அங்கேதான். அதனால் இதைச் சாமிக்கு எதிரான பேச்சாக யாரும் திருப்ப வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆடி அமாவாசைக்கு அங்கே லட்சக்கணக்கில் கூடுகிறார்கள். குடில் போட்டு நாள் கணக்கில் தங்குகிறார்கள், அதுவும் ஆற்றங்கரையிலேயே. கிடா வெட்டு, சமையல், குளியல், துவைப்பு, காலைக்கடன் எல்லாம் அந்த ஒரே தண்ணீரில். யானையும் சிறுத்தையும் நீர்நாயும் கருமந்தியும் தண்ணீர் குடிக்கிற ஆறு அது. திருவிழா முடிந்து கூட்டம் இறங்கிய பிறகு அந்தக் கரையில் நடந்தால் கால் வைக்க இடம் பார்த்துத்தான் வைக்க வேண்டும். இலை, எலும்பு, டயாப்பர், உடைந்த பாட்டில். உடைந்த பாட்டிலைத்தான் நான் அதிகம் பயப்படுவேன். செருப்புப் போட்ட நமக்கே கிழிக்கிறது, வெறுங்காலோடு வருகிற யானைக்கும் மானுக்கும் என்ன ஆகும்?

நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். அண்மை ஆண்டுகளில் தனியார் வாகனங்களை மலைக்குக் கீழே அகஸ்தியர்பட்டியிலேயே நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் மேலே அனுப்பினீர்கள். பாபநாசம் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பாலித்தீனை வாங்கி வைத்தீர்கள். முதல் ஆண்டு சலசலப்பு இருந்தது, போகப் போக ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். காரில் அடுப்பும் கட்டிலும் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் ஒரு பையோடு பேருந்தில் வந்தார்கள், அதே சாமியை அதே பக்தியோடு கும்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். கட்டுப்பாடு போட்டால் கலவரம் வரும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறீர்களே, நீங்களே போட்ட கட்டுப்பாட்டுக்கு என்ன நடந்தது என்று திரும்பிப் பாருங்கள். தெளிவாகச் சொன்னால், முன்கூட்டியே சொன்னால், எல்லோருக்கும் ஒரே மாதிரி சொன்னால் மக்கள் கேட்கிறார்கள்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி என்று சொன்னேன், அதில்தான் மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. இந்தக் காட்டுக்குள் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள் காணி பழங்குடி மக்கள். தேன் எடுக்க, கிழங்கு தோண்ட, வீடு கட்ட, விளைந்ததைக் கீழே கொண்டுவர என்று ஒவ்வொன்றுக்கும் அவர்கள் விதிமுறைக்குள்தான் நடக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கம் மாஞ்சோலையில் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து தேயிலைக் கம்பெனி 1929-இல் எடுத்த குத்தகை 2028-இல் முடியப்போகிறது. நிலம் காடாகத் திரும்ப வேண்டும் என்பதால் தேயிலைத் தோட்டத்தையே மூடி, தாத்தா காலத்திலிருந்து அங்கேயே பிறந்து வளர்ந்த தொழிலாளர்களை 2024-இல் கீழே இறங்கச் சொன்னார்கள். 2025-இல் உச்ச நீதிமன்றம் அகத்தியமலைப் பகுதி முழுவதையும் ஆய்வு செய்து, காட்டில் நடக்கும் காடல்லாத வேலைகளைக் கணக்கெடுக்கச் சொன்னது. காட்டைக் காப்பதற்காக அங்கே இருப்பவர்களிடம் இவ்வளவு கேட்கிறோம். வருடத்தில் சில நாள் வந்து போகிற எங்களைப் போன்றவர்களிடம் உடுத்திய துணியை ஆற்றில் விடாதே என்று கேட்க மட்டும் ஏன் தயங்குகிறீர்கள்? ஒரு காணி இளைஞர் என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, நாங்க ஒரு கம்பு வெட்டுனா கேஸு. கீழ இருந்து வாறவங்க ஒரு வண்டி குப்பைய விட்டுட்டுப் போனா திருவிழா. இது என்ன நியாயம்?" என்னிடம் பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

இனி நம்பிக்கை விஷயம். இதைத் தொடப் பயந்துதான் இத்தனை வருடம் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பாபநாசத்தில் குளித்து, உடுத்திய துணியைத் தண்ணீரோடு விட்டால் தோஷம் போகும் என்று ஜோசியர் சொல்லி வருகிறவர்கள் ஏராளம். எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். துக்கத்தோடு வருகிறார்கள், கடன், கல்யாணத் தடை, நோய், சாவு என்று ஏதாவது ஒரு பாரத்தோடு வருகிறார்கள். அவர்களை ஏச எனக்கு மனம் வராது. ஆனால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதே படித்துறையில்தான் தர்ப்பணம் கொடுத்தார்கள். முங்கி எழுந்து, உடுத்தியதை அலசிப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார்கள். என் ஆச்சி ஆற்றில் எச்சில் துப்பினாலே அடிப்பாள். துணியை விடுவதுதான் சாஸ்திரம் என்று கோயிலில் யாரும் எனக்குச் சொல்லிக் கேட்டதில்லை. அப்படியே துணியைத் துறக்க வேண்டும் என்று நம்புகிறவர்களுக்கும், அதைக் கரையில் ஒரு தொட்டியில் துறந்தால் போதும் என்று அர்ச்சகரும் கோயில் நிர்வாகமும் சொன்னால் கேட்கமாட்டார்களா? அதை யாராவது அதிகாரபூர்வமாக, கையெழுத்துப் போட்டு, ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கிறீர்களா? "ஆற்றில் துணிகளைப் போடாதீர்" என்று ஒரு தகரப் பலகை இருக்கிறது. அந்தப் பலகையின் காலிலேயே வேட்டி ஒன்று சுற்றிக் கிடந்ததை நான் பார்த்தேன்.

அதே படித்துறையில் பொரி போட்டால் பெரிய பெரிய மீன்கள் கூட்டமாக மேலே வரும், சின்னப் பிள்ளைகள் கை தட்டிச் சிரிக்கும். அந்த மீனை யாரும் பிடிக்க மாட்டார்கள், சாமி மீன். அதை அவ்வளவு மதிக்கிற மக்கள்தான் இவர்கள். அந்த மீன் வாழ்கிற தண்ணீரையும் அப்படி மதியுங்கள் என்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததுதான் குறை. இந்த ஆற்றின் பெயரையே அறிவியல் பெயராகக் கொண்ட ஒரு சிறிய கெண்டை இனம் உண்டு, தாமிரபரணி வடிநிலத்தைத் தாண்டி வேறெங்கும் அது கிடையாது. இப்படி இங்கே மட்டும் வாழ்கிற சிறு உயிர்கள் கல் இடுக்கில் முட்டையிட்டு, கல்லில் படிந்த பாசியைத் தின்று, தெளிந்து ஓடுகிற தண்ணீரை நம்பிக் கிடக்கின்றன. கல்லை மூடித் துணியும், துணியை மூடிச் சேறும் படிந்தால் அவை எங்கே போகும்? இந்த ஆறு போனால் அவற்றுக்கு இன்னோர் ஆறு இல்லை.

சட்டம் இல்லையா என்றால் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு சரணாலயத்துக்குள் வாழிடத்தைச் சேதப்படுத்துவதைத் தடை செய்கிறது. 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, மாசுபடுத்தும் பொருளைத் தெரிந்தே ஓடைகளில் சேர்ப்பதைத் தடை செய்கிறது. புதுச் சட்டம் எதையும் நாங்கள் கேட்கவில்லை. இருப்பதை நடைமுறைப்படுத்த மனம் வேண்டும் என்கிறோம். மணல் விஷயத்தில் இதே ஆற்றுக்கு அது நடந்திருக்கிறது. நல்லகண்ணு ஐயா மதுரைக் கிளையில் தானே வாதாடி 2010-இல் தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை வாங்கினார். லாரி லாரியாக அள்ளிக்கொண்டிருந்தவர்களையே நிறுத்த முடிந்தது என்றால், ஒரு படித்துறையில் துணி விழுவதை நிறுத்த முடியாது என்று எப்படி நம்புவது?

2021-இல் சட்டமன்றத்திலேயே சொன்னார்கள், சிவகளை அகழாய்வில் கிடைத்த நெல்லுக்கு ஏறத்தாழ 3,200 வருட வயது, பொருநை என்ற இந்தத் தாமிரபரணியின் நாகரிகம் அவ்வளவு பழையது என்று. கேட்டபோது எங்கள் ஊரில் எல்லோருக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. அதே ஆற்றுத் தண்ணீரில் இன்றும் நெல் நட்டுக்கொண்டிருக்கிறவன் என்ற உரிமையில் கேட்கிறேன், அந்தப் பெருமையில் ஒரு பங்கு அக்கறை இப்போது ஓடுகிற தண்ணீர்மேலும் வேண்டாமா?

எங்களுக்கு வேண்டியதை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, துணி ஆற்றில் விழவே கூடாது. பாபநாசம் படித்துறைகளில் தண்ணீருக்கு இறங்கும் வழியிலேயே துணி வாங்கும் தொட்டிகளும், உடை மாற்ற மறைப்பும், சம்பளத்துக்கு ஆட்களும் வருடம் முழுக்க இருக்க வேண்டும். அமாவாசை அன்று மட்டும் தொண்டர்களை நிறுத்திவிட்டு மறுநாள் கலைத்துவிடுகிற ஏற்பாடு வேண்டாம், ஏனென்றால் சாதாரண செவ்வாய்க்கிழமையிலும் பரிகாரத்துக்கு ஆள் வருகிறது. துணியை ஆற்றில் விடுவது வழிபாட்டின் பகுதி இல்லை, தொட்டியில் இட்டாலே போதும் என்று கோயிலைப் பார்க்கும் துறை எழுத்தில் அறிவித்து, அர்ச்சகர்கள், புரோகிதர்கள், வாடகை வண்டி ஓட்டுநர்கள், படித்துறைக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் நகல் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஆற்றில் விடுகிறவர்களுக்கு அபராதம் போடுங்கள். நாங்கள் ஆதரிப்போம்.

ஏற்கெனவே ஆற்றடியில் கிடக்கும் துணியைத் தண்ணீர் குறைந்திருக்கும் கோடையில், கார் பருவத்துக்கு அணை திறப்பதற்கு முன்பே, எடுத்து முடிக்க வேண்டும். ஜேசிபி இறக்கி ஆற்றுப்படுகையைக் கிண்ட வேண்டாம். ஆற்றை அறிந்த காணி இளைஞர்களுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் நியாயமான கூலியும் கையுறையும் காப்பீடும் கொடுத்துக் கையால் எடுக்கச் சொல்லுங்கள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் கால்வாய்களின் தலைமதகுகளில் துணி தடுக்கும் கம்பிவலை போட்டு, அதைத் தினமும் சுத்தம் செய்ய ஆள் வையுங்கள். இது எங்களுக்கு உடனே வேண்டும், கார் பயிர் இப்போது வயலில் நிற்கிறது.

சொரிமுத்து அய்யனார் கோயில் திருவிழாவுக்கு ஒரு நாளைக்கு இத்தனை பேர், ஒரு குடும்பம் இத்தனை நாள் என்று ஒரு வரம்பை இரண்டு மாதத்துக்கு முன்பே அறிவியுங்கள். கடைசி வாரத்தில் அறிவிப்பதால்தான் சண்டை வருகிறது. குடில்களை ஆற்றங்கரையிலிருந்து தள்ளிப் போடச் சொல்லி, எல்லைக்குக் கயிறு கட்டுங்கள். கழிவறைத் தொட்டிகளில் சேர்வதைக் காட்டுக்குள் எங்கேயும் கொட்டாமல் கீழே கொண்டுபோக வேண்டும். கண்ணாடிப் பாட்டில் எதுவானாலும் சோதனைச் சாவடியோடு நிற்க வேண்டும். இந்த ஏற்பாட்டைப் பேசும் கூட்டத்தில் காணி மக்களின் பிரதிநிதிகளும் கால்வாய்ப் பாசன விவசாயிகளும் அழைக்கப்பட வேண்டும், பேசியது குறிப்பில் ஏற வேண்டும்.

அப்புறம் தண்ணீர்ப் பரிசோதனை. கோயிலுக்கு மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம், பாபநாசம் படித்துறைக்குக் கீழே ஓர் இடம் என்று மூன்று இடத்திலாவது மாதம் ஒருமுறையும், திருவிழாவுக்கு முன்னும் பின்னும் தனியாகவும் சோதித்து, முடிவை அந்தந்தப் படித்துறையிலேயே தமிழில் எழுதி ஒட்டுங்கள். குளிக்கத் தகுந்த தண்ணீர் என்றால் 100 மில்லியில் கோலிஃபார்ம் கிருமி 500-க்கு மேல் போகக்கூடாது, உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (கழிவைச் சிதைக்கத் தண்ணீரில் செலவாகிற ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று வாரியமே வரையறை வைத்திருக்கிறது. கிருமி நீக்கம் மட்டும் செய்து குடிக்கத் தகுந்த நீருக்கு அது 50, 2 என்று இன்னும் கடுமை. புலிகள் காப்பகத்திலிருந்து இறங்கி வருகிற ஆறு இதில் எந்த வரிசையில் நிற்கிறது என்று முங்கிக் குளிக்கிறவர்களுக்கும் உறைகிணற்றுத் தண்ணீர் குடிக்கிறவர்களுக்கும் தெரிய வேண்டும்.

கடைசியாக, காரையாறு முதல் நதியுண்ணி அணைக்கட்டு வரையிலான பகுதிக்கு ஒரே ஓர் அதிகாரியைப் பொறுப்பாக நியமியுங்கள். எந்தத் துறையைச் சேர்ந்தவராக இருந்தாலும் சரி. அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் படித்துறையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இனி ஒரு விவசாயி மடையிலிருந்து சேலையை இழுத்துப் போட்டுவிட்டு மேசை மேசையாக அலையக்கூடாது.

புரட்டாசியில் மகாளய அமாவாசை வருகிறது. அதற்கு முன்பு துணித் தொட்டிகளும் ஆட்களும் படித்துறைக்கு வந்துவிட வேண்டும், கால்வாய்த் தலைமதகுகளில் வலை போட்டாக வேண்டும். மற்றவற்றுக்கு எது எப்போது நடக்கும், யார் செய்வார் என்று தேதி போட்டு எழுத்தில் பதில் தாருங்கள். பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். பாபநாசம் படித்துறையிலும், கால்வாய்ப் பாசன ஊர்களின் ஊராட்சி அலுவலகங்களிலும், காணிக் குடியிருப்புகளிலும் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
நதியுண்ணிக் கால்வாய்ப் பாசன விவசாயி ஒருவர்,
அம்பாசமுத்திரம் வட்டாரம்